பார்னி போட்ட பலகை

குளிர்காலம் வந்தால் போதும், பேஸ்பால் ஆட்டத்தின் பெரிய மனிதர்களுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். நியூயார்க்கில் ஏதாவது ஒரு ஓட்டலில் கூடுவார்கள். சுருட்டு புகைப்பார்கள், வயிறு முட்டத் தின்பார்கள், போன வருஷம் வரை ஆட்டமாக இருந்ததை இந்த வருஷம் குற்றமாக்கிவிட்டு எழுந்து போவார்கள். அந்தக் கூட்டத்தில் பந்து வீசிப் பிழைத்தவன் ஒருத்தன் உண்டா என்று கேட்டால், கிடையாது.

டெர்மட் கில்ஃபாயில் பந்து வீச வந்தபோது கையை இடுப்புக்குக் கீழேதான் சுழற்ற வேண்டும் என்று சட்டம். அதைக் கற்றுக்கொண்டு ஊர் ஊராக மண்ணைக் கவ்வ வைத்தான். பிறகு தோள் வரை தூக்கலாம் என்றார்கள். அப்புறம் தலைக்கு மேலேயே தூக்கிக்கொள் என்றார்கள். மட்டையாளன் 'எனக்கு உயரமாகப் போடு', 'எனக்குத் தாழ்வாகப் போடு' என்று கடையில் சாமான் கேட்பது போலக் கேட்டு வாங்கிய காலம் ஒன்று இருந்தது, அதையும் ஒழித்தார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் டெர்மட் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முதலிலிருந்து தொடங்கினான், ஒவ்வொரு தடவையும் தேறினான். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் வருஷம்தான் அவன் தலையில் கல்லைப் போட்டார்கள். மட்டையாளன் காலடியில் ஒரு தட்டு பதித்திருக்கும், அதிலிருந்து பந்து வீசுகிறவன் இனிமேல் இன்னும் ஐந்தடி பின்னால் போய் நிற்க வேண்டுமாம். அவன் நிற்கிற இடத்தில் ஒரு சின்ன ரப்பர் பலகை இருக்கும். அதில் காலை ஊன்றித்தான் வீச வேண்டும். மட்டையாளர்கள் அடிக்கத் திணறுகிறார்களாம், காசு கொடுத்துப் பார்க்க வருகிறவர்கள் கொட்டாவி விடுகிறார்களாம், அதற்காக!

ஐந்தடிதானே என்று தோன்றும். டெர்மட் ஆடுகிற டன்ஸ்பரி ஊர்க் காகித ஆலைக்காரர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் டெர்மட்டின் பிழைப்பு முழுக்க ஒரே ஒரு வளைபந்தில் இருந்தது. வேகம் அவனிடம் எப்போதுமே பெரிதாகக் கிடையாது. நேராக, சாதுவாக வருகிற பந்து, மட்டையாளன் மட்டையை வீசத் தொடங்கிய பிறகு, சட்டென்று ஒரு முழம் விலகிக் கீழே விழும். பதினைந்து வருஷமாக அது விழுந்த இடம் ஒன்றுதான். இப்போது ஐந்தடி தள்ளி நின்று போட்டால், அதே பந்து முன்னாலேயே வளைந்து முடித்துவிடுகிறது. மட்டையாளன் அதை நிதானமாகப் பார்த்து, வேலிக்கு வெளியே அனுப்புகிறான்.

இந்த விஷயம் பார்னி டூஹிக்குப் புரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் புரியவில்லை. ஒன்பது வருஷம் மட்டையாளனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அந்தப் பந்தைப் பிடித்தவன் அவன். கையுறை போடுகிறவனைப் பொம்பளை என்று கேலி செய்த காலம், வெறுங்கையால் பிடித்தான். விரல்கள் ஒவ்வொன்றாக உடைந்து ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்டன. கடைசியில் சட்டைப் பொத்தானைக்கூட மனைவி போட்டுவிட வேண்டியதாயிற்று. கிளப் அவனைப் போய் வா என்றது. அன்றைக்கு டெர்மட் முதலாளி வீட்டு வாசலில் போய் நின்று, "பார்னிக்கு வேலை இல்லேன்னா எனக்கும் இல்லீங்க" என்றான். முதலாளி முனகிக்கொண்டே பார்னியை மைதானக்காரனாக வைத்துக்கொண்டார். புல்லை வெட்டுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது, மழை பெய்தால் மரத்தூள் தூவுவது. பார்னியின் ஐந்து பிள்ளைகளும் சாப்பிடுவது அந்த வேலையில்தான். அதை அவன் ஒரு நாளும் மறந்ததில்லை.

ஏப்ரலில் பயிற்சி தொடங்கியது. ஆற்றிலிருந்து வந்த காற்று காதை அறுத்தது. சொந்தக் கிளப் பையன்களே, மீசை சரியாக முளைக்காதவர்கள், டெர்மட்டின் பந்தை இஷ்டத்துக்கு அடித்தார்கள். சாயங்காலம் பார்னியின் சாமான் கொட்டகைக்குள் வந்து டெர்மட் ஒரு சுண்ணாம்பு மூட்டை மேல் உட்கார்ந்தான்.

"பந்து என் பேச்சக் கேக்க மாட்டேங்குதுடா."

"குளிருடா. கை சூடாகல."

"பதினஞ்சு வருஷமா இந்தக் குளிருலதான்டா போடுறேன். மாதாவே... அந்தப் பொடிப்பய சிரிச்சிக்கிட்டே அடிக்கிறான், பார்னி. அடிச்சா பரவால்ல. சிரிக்கிறான்டா!"

பார்னி மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"மார்ட்டின் ஆள் அனுப்பிட்டான்" என்றான் டெர்மட். மார்ட்டின் என்பது டெர்மட்டின் மனைவி டெலியாவுக்கு அண்ணன். ஸ்க்ரான்டனில் குதிரை லாயம் வைத்து வாடகை வண்டி விடுகிறவன். "கூட்டாளியா வந்துடுங்கறான். ஜூன் முடியறதுக்குள்ள பதில் சொல்லணுமாம், இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்குவானாம்."

"உனக்குக் குதிரைன்னா ஆகாதே."

"குதிரைக்கும் என்னை ஆகாது. ஆனா கை நெசமாவே போயிடுச்சுன்னா வேற என்னடா செய்ய? ஆலைக்குப் போகவா? எங்கப்பன் காகிதத்துக்குக் கந்தல் கிழிக்கிற அந்தக் கூடத்துல இருமி இருமியே செத்தான். நான் போக மாட்டேன்." கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். "இருக்கா போயிடுச்சான்னு மட்டும் ஜூனுக்குள்ள தெரிஞ்சா போதும். போயிடுச்சுன்னா கௌம்பிடுவேன். இருந்துச்சுன்னா, சாகற வரைக்கும் இங்கதான்."

ஒன்பது வருஷத்தில் எத்தனையோ தோல்வியை இருவரும் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள். டெர்மட் இப்படித் தோளைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து பார்னி பார்த்ததில்லை. அந்த இடத்தில்தான் அவன் புத்தி கோணலாகத் திரும்பியது.

அவன் போட்ட கணக்கு இதுதான். குழந்தைக்குப் பால் மறக்கடிக்கிற தாய் ஒரேயடியாகவா நிறுத்துகிறாள்? கொஞ்சம் கொஞ்சமாகத்தானே? பலகையை முதலில் ஐந்தடி முன்னால், பழைய தூரத்திலேயே பதிப்போம். டெர்மட் பழையபடி ஜெயிப்பான். தைரியம் வந்ததும், ஆட்டத்துக்கு ஆட்டம் அரையடி பின்னால் தள்ளுவோம். அவனுக்கே தெரியாமல் கை பழகிவிடும். ஜூன் முடிவதற்குள் பலகை சட்டப்படி இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிடும், டெர்மட்டும் வந்துவிடுவான். யாருக்கும் நஷ்டமில்லை. கேட்டால் நல்ல கணக்குதான். பந்து வீச்சைக் கணக்கில் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்ததுதான் தப்பு.

கண்ணுக்குத் தெரிந்துவிடாதா என்றால், தெரியவில்லை. புதுச்சட்டத்தின் முதல் வருஷம் அது. பலகை எங்கே இருக்க வேண்டும் என்று ஒருவர் கண்ணுக்கும் பழகவில்லை. ஒரு மைதானத்தில் மேடாக இருக்கும், இன்னொன்றில் பள்ளமாக இருக்கும். அம்பயர் ஒருவர்தான், அவருக்கு ஓடுகிறவனைப் பார்ப்பதா, பந்தைப் பார்ப்பதா, பார்வையாளர்கள் எறிகிற பாட்டிலைப் பார்ப்பதா என்று ஆயிரம் கவலை. பார்னி திங்கட்கிழமை பட்டப்பகலில், நாலு பேர் பார்க்கப் பார்க்க, பலகையைப் பெயர்த்து முன்னால் பதித்தான். சுற்றிலும் களிமண்ணைப் போட்டு மிதித்தான். "நல்லா மெதி, பார்னி" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவன் சொல்லிவிட்டுக்கூடப் போனான்.

மே மாதத்து முதல் ஆட்டத்தில் டெர்மட் எதிராளிகளுக்கு இரண்டே ரன் கொடுத்தான். பந்து பழைய இடத்தில், பழையபடி, மட்டைக்குக் கீழே நழுவி விழுந்தது. மட்டையாளர்கள் காற்றை அடித்தார்கள். ஊர் எழுந்து நின்று தொப்பியைத் தூக்கி எறிந்தது. எதிரணி வீச்சாளனும் அதே பலகையில் நின்றுதான் வீசினான், அவனும் நன்றாகத்தான் வீசினான். அதனால் யாருக்கும் சந்தேகமில்லை. டன்ஸ்பரி பத்திரிகைக்காரன், ஆற்றின் ஈரக்காற்று பந்தைக் கனமாக்குகிறது, எங்கள் ஊர்க்காற்றே வீச்சாளருக்கு வரப்பிரசாதம் என்று எழுதிவிட்டான். ஈரக்காற்றாம்!

டெர்மட் நேராகக் கொட்டகைக்கு ஓடி வந்து பார்னியை இடுப்போடு சேர்த்துத் தூக்கினான்.

"இருக்குடா! இருக்கு! போகலடா, பார்னி!"

"எறக்கி விடுடா, பைத்தியம். முதுகு முறியுது."

"எப்படிப் பிடிச்சேன் தெரியுமா? விரலக் கொஞ்சம், ஒரு நூலு, தள்ளிப் பிடிச்சேன். அவ்வளவுதான். மணிக்கட்ட இப்படித் திருப்பினேன். பொடியனுங்களுக்கு இதெல்லாம் எவன் சொல்லித் தருவான், ம்?"

விரலைத் தள்ளிப் பிடித்ததால் என்று அவனே ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டான். பார்னி அந்த விரலைப் பார்த்தான். "ஆமாடா, நல்ல யோசனை" என்றான். அன்றிரவு அவனுக்கும் சந்தோஷமாகவே இருந்தது, அதை மறைப்பானேன்.

வெளியூருக்குப் போனார்கள். அங்கே பலகை அந்தந்த ஊர்க்காரன் ஒழுங்காகப் பதித்த இடத்தில் இருந்தது. டெர்மட்டை அடித்துத் துவைத்துக் காயப் போட்டார்கள். திரும்பி வந்து, ரயிலில் தூக்கமில்லை, அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, படுக்கையில் மூட்டைப்பூச்சி என்றான். கிளப் மேனேஜர் பிரட்சர்ட் ஆளைப் பார்த்து எடை போடுகிறவர். "சரிப்பா, நீ நம்ம ஊர் ஆட்டத்துக்கு மட்டும் போடு, வெளியூருக்கு வேற பையனக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். டெர்மட்டுக்கு அதுவும் மரியாதையாகத்தான் பட்டது. இத்தனை வருஷ உழைப்புக்குக் கிடைத்த சலுகை என்று வீட்டில் போய்ச் சொன்னானாம்.

மூன்று வெற்றிக்குப் பிறகு பார்னி தன் கணக்கின் இரண்டாம் பாகத்தைத் தொடங்கினான். பலகையை அரையடி பின்னால் தள்ளினான். ஒரே ஒரு அரையடி! அன்றைக்கு எதிராளிகள் பதினொரு ரன் எடுத்தார்கள். டெர்மட்டின் பந்து மட்டைக்கு முன்னாலேயே சோர்ந்து விழுந்தது. அவன் விரலைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான், நெருக்கிப் பிடித்துப் பார்த்தான், பந்தில் எச்சிலைத் துப்பிப் பார்த்தான், சிலுவை போட்டுப் பார்த்தான். வேலியோரம் சாய்ந்து நின்ற பார்னி ஒவ்வொரு ரன்னையும் எண்ணிக்கொண்டிருந்தான். பழகிவிடும் என்று நினைத்தானே! கை பழகவில்லை. முப்பத்து நாலு வயதில் கை எதையும் பழகாது. தன் பழைய இடத்தைத்தான் தேடும்.

ஆட்டம் முடிந்து டெர்மட் கொட்டகைக்கு வந்தான். வாளித் தண்ணீரில் முகத்தை முக்கி வைத்துக்கொண்டே இருந்தான். பார்னி பயந்து போய்த் தோளைப் பிடித்து இழுத்தான்.

"பார்னி, நீ நெசத்தச் சொல்லு. முடிஞ்சிடுச்சா?"

இதோ, சொல்ல வேண்டிய நேரம் வந்தது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. மார்ட்டினின் லாயம் காத்திருந்தது, ஜூன் பாதிதான் ஆகியிருந்தது. பார்னி வாயைத் திறந்தான். மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட நின்ற அந்த முகத்தைப் பார்த்தான். முதலாளி வீட்டு வாசலில் தனக்காக நின்ற முகம்.

"ஒரு நாள் சறுக்கினா முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தமாடா? போய்ச் சாப்பிட்டுத் தூங்கு" என்றான்.

மறுநாள் காலையில் பலகையைத் திரும்பவும் முன்னால் கொண்டு வந்தான். பயத்தில் பழைய இடத்தையும் தாண்டி இன்னும் ஓரடி முன்னால் பதித்துவிட்டான். இனி டெர்மட் தோற்க வழியே இல்லை. தோற்கவும் இல்லை.

ஜூன் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாசலில் டெலியா அவனைப் பிடித்துக்கொண்டாள். ஒல்லியான பெண், பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. அன்றைக்குக் குரல் தாழ்ந்திருந்தது.

"பார்னி, ஒண்ணு கேக்கணும். அவருக்குத் தெரிய வேண்டாம்."

"கேளும்மா."

"எங்கண்ணன் நாளைக்குள்ள பதில் கேக்கறாரு. இவரு என்னடான்னா முடியாதுன்னு சொல்லுங்கறாரு. கை திரும்பி வந்துடுச்சு, இன்னும் அஞ்சாறு வருஷம் போடுவேன்ங்கறாரு. எனக்குப் பந்தப் பத்தி என்ன தெரியும்? மேல வந்தாலும் பந்துதான், கீழ போனாலும் பந்துதான். இவரு சொல்றத நான் நம்ப மாட்டேன். பேப்பர்க்காரன் சொல்றதயும் நம்ப மாட்டேன். இவரு பந்தக் கையில வாங்கினது நீங்க. உங்க கையப் பாத்தாலே தெரியுது. நீங்க சொல்லுங்க. நெசமாவே இருக்கா?"

பார்னி தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டு நின்றான். பாதிரியார் படியில் நின்று யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் டெர்மட் நாலு பேருக்கு நடுவில் நின்று, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

இல்லை என்று சொன்னால், எப்படித் தெரியும் என்பாள். சொல்ல வேண்டும். சொன்னால் டெர்மட் காதுக்குப் போகும். அவன் தூக்கிச் சுற்றிய மே மாதம் முழுக்க மண்ணாகிவிடும்.

"இருக்கும்மா" என்றான். "நல்லாவே இருக்கு."

டெலியா கண்ணை மூடித் திறந்தாள். "அது போதும் எனக்கு" என்று சொல்லி அவன் கோணல் விரல்களைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். அண்ணனுக்கு முடியாது என்று தந்தி போயிற்று. ஒரு வாரத்தில் மார்ட்டின் வேறு ஒருவனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டான் என்று செய்தியும் வந்தது. அந்தக் கதவு அதோடு சாத்தியாயிற்று. அதன் பிறகு பார்னிக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்தான். சீசன் முடியும் வரை பலகை அப்படியே இருக்கட்டும், அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஓட்டலில் கூடுகிற பெரிய மனிதர்கள் குளிர்காலத்தில் மனம் மாறிச் சட்டத்தைத் திரும்பப் பழையபடி ஆக்கிவிட மாட்டார்களா என்றுகூட வேண்டிக்கொண்டான். அவர்கள் எதைத்தான் மாற்றவில்லை!

ஜூலையில் ஒரு புதன்கிழமை கான்வே ஊர் அணி வந்தது. அவர்களுடைய வீச்சாளன் பண்ணையிலிருந்து நேராக வந்த நெட்டையன், பத்தொன்பது வயது. இந்த வருஷம்தான் ஆட்டத்துக்கு வந்தவன். பழைய தூரம் என்றால் என்னவென்றே அறியாதவன். அங்கேதான் வந்தது வினை. மற்ற ஊர் வீச்சாளர்கள் எல்லாம் பழைய ஆட்கள். பலகை கிட்டத்தில் இருந்தது அவர்களுக்குச் சுகமாக இருந்ததே தவிர, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இந்தப் பையனுக்கோ கையெல்லாம் புதுத்தூரம். வீசிய பந்தெல்லாம் மட்டையாளன் தலைக்கு மேலே பறந்தது. ஒரு பந்து பெண்கள் உட்காரும் பந்தலுக்கே போய்விட்டது.

"தம்பி, காக்கா அடிக்கிறியா?" என்று வேலியோரத்துக் கூட்டம் கத்தியது. "அம்மாகிட்டப் போய்ப் பால் குடிச்சிட்டு வா!"

பையன் காது சிவந்து போய்த் தன் கேப்டனைக் கூப்பிட்டான். "அண்ணே, தட்டு என்னமோ மூஞ்சிக்கு முன்னாடி வந்து நிக்குதுண்ணே" என்றான்.

கான்வே கேப்டன் ஹாக்கட் பலகையில் நின்று பார்த்தார், நடந்து பார்த்தார். பிறகு அம்பயரிடம் போனார். "ஐயா, இத அளக்கணும்."

கூட்டம் ஊளையிட்டது. தோற்கிறவன் சொல்கிற சாக்கு என்று சிரித்தது. அம்பயர் லோரிங் கிழவருக்கும் வெயிலில் இந்த வேலை பிடிக்கவில்லை, விட்டுவிடத்தான் பார்த்தார். விட்டிருப்பார். டெர்மட்தான் விடவில்லை.

"என்னய்யா சொன்ன?" என்று ஹாக்கட் முன்னால் போய் நின்றான். "இது பார்னி டூஹி போட்ட பலகை. ஒம்பது வருஷம் என் பந்துக்குக் கையக் குடுத்தவன். அவன் போட்ட பலகையத் தப்புங்கறியா? அவன் பாவம்னா என்னான்னு கேக்கற ஆளுய்யா! உன் பையனுக்குப் பந்து போட வரலன்னா வரலன்னு சொல்லு. அளக்கணுமா? அளந்துடுவோம். அளந்துட்டு அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் நீ ரயில் ஏறணும்!"

"டெர்மட்" என்று பார்னி வேலியோரத்திலிருந்து ஓடி வந்தான். "விடுடா. ஆட்டத்த நடத்து. டேப்பு... டேப்பக் காணோம்டா. எங்கயோ வச்சிட்டேன்."

"கொட்டகையில ஆணியிலதான தொங்குது! நேத்துகூடப் பாத்தேனே. நீ இரு, நானே எடுத்துட்டு வரேன்."

ஓடிப் போய் எடுத்தும் வந்துவிட்டான். டேப்பின் ஒரு நுனியைப் பார்னி கையில் திணித்தான். "தட்டுல வச்சிப் பிடி. நல்லா அழுத்திப் பிடி. இவனுங்க மூக்கறுபடறத நீ பக்கத்துலேர்ந்து பாக்கணும்" என்று கண்ணடித்தான்.

பார்னி மண்டியிட்டான். வேறு என்ன செய்ய முடியும்? நுனியைத் தட்டின் மேல் முழங்கையால் அழுத்திக்கொண்டான். டெர்மட் டேப்பை விரித்துக்கொண்டே, கூட்டத்துக்குத் தொப்பியைத் தூக்கிக் காட்டிக்கொண்டே நடந்தான். கூட்டம் கைதட்டியது. பந்தலில் டெலியாவும் உட்கார்ந்திருந்தாள். பலகை வந்தது. டெர்மட் குனிந்தான். டேப்பைப் பார்த்தான். சுருக்கம் ஏதாவது இருக்குமோ என்று ஒரு உதறு உதறி, இழுத்துப் பிடித்து, மறுபடி பார்த்தான்.

பிறகு நிமிர்ந்து, பலகையைத் தாண்டி நடந்தான். டேப் அவன் பின்னால் விரிந்துகொண்டே போயிற்று. சட்டம் சொல்கிற இடம் எங்கேயோ புல்லில் வந்தது. அங்கே நின்று, திரும்பி, தட்டைப் பார்த்தான். அதன் பக்கத்தில் மண்டியிட்டிருந்த பார்னியைப் பார்த்தான். அத்தனை தூரத்திலும் பார்னிக்கு அந்தக் கண் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

கூட்டம் வெடித்தது. அம்பயர் வந்து பார்த்தார், ஹாக்கட் வந்து பார்த்தார், பிரட்சர்ட் வந்து பார்த்துவிட்டு முகம் வெளுத்துப் போனார்.

"யாரோட வேலை இது?" என்றார் அம்பயர்.

"என் வேலைங்க" என்று பார்னி எழுந்து ஓடினான். "நானாத்தான் செஞ்சேன். யாருக்கும் தெரியாதுங்க. இவனுக்குச் சுத்தமாத் தெரியாது."

"நான்தான் போடச் சொன்னேன்" என்றான் டெர்மட்.

பார்னிக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. "டேய்?"

"நான்தான்யா. மே மாசத்துலயே சொன்னேன். மாட்டேன்னான், முதலாளிகிட்டச் சொல்லி வேலைய விட்டுத் தூக்கிருவேன்னு மிரட்டினேன். போட்டான்."

ஹாக்கட் கண்ணைச் சுருக்கினார். "அப்ப நீயே ஏன்யா டேப்ப எடுத்துட்டு வந்த?"

"நான் அவ்வளவு துள்ளுனா நீ பயந்து வாய மூடிட்டுப் போயிடுவன்னு நெனச்சேன். நீ போகல. அவ்வளவுதான்."

ஹாக்கட் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தலையாட்டினார். இப்படி ஒரு துணிச்சல் பழைய வீச்சாளனுக்கு உண்டு என்று அவருக்குத் தெரியும். அதை நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

"பொய் சொல்றான்ங்க!" பார்னி அம்பயரின் கோட்டைப் பிடித்தான். "மாதா மேல ஆணையாச் சொல்றேன், நான்தான்ங்க! இவனுக்குக் கை போயிடுச்சு, அதப் பாக்க முடியாம நானே..."

டெர்மட் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து ஓரமாக இழுத்தான். முகம் முகத்தோடு இருந்தது.

"மொத ஆட்டத்துலேர்ந்தா?"

"ஆமாடா."

"ஒண்ணுகூட நெசம் இல்லியா? அந்த ரெண்டு ரன் ஆட்டம்?"

பார்னி அழுதான். அதுதான் பதில்.

"வாய மூடிக்க" என்றான் டெர்மட். மெல்லத்தான் சொன்னான். "இன்னும் ஒரு வார்த்த பேசின, உன்ன இங்கயே கொன்னுடுவேன். என்னைத் திருடன்னு சொல்லட்டும். பாவம், கை போனவன், சிநேகிதன் பிச்ச போட்டுக் காப்பாத்தினான்னு ஒருத்தன் சொல்லக் கூடாது. எனக்கு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான், அதயும் எடுத்துறாத."

சட்டையை விட்டான். அம்பயர் சொன்னதை, இந்த வருஷம் எந்த மைதானத்திலும் கால் வைக்கக் கூடாது, லீக்குக்கு எழுதப் போகிறேன் என்றதையெல்லாம், தலையை நிமிர்த்திக்கொண்டு கேட்டான். வெளிவாசலை நோக்கி நடந்தான். பதினைந்து வருஷம் அவனுக்காகத் தொப்பியை எறிந்த கூட்டம் இப்போது உட்காரப் போட்டிருந்த திண்டுகளை எறிந்தது. "திருட்டுப் பயலே!" என்றது. அவன் எதையும் தடுக்கவில்லை. திருடனாக நடப்பது அவனுக்கு வராத வேலை, ஆனாலும் அதை அவன் நன்றாகவே செய்தான்.

டெலியா பந்தலிலிருந்து இறங்கி வந்திருந்தாள். புருஷன் பின்னால் போகுமுன் பார்னி எதிரில் ஒரு கணம் நின்றாள்.

"நீங்க சொல்றதுதான் நெசம். எனக்குத் தெரியும்" என்றாள். "அந்த மனுஷனுக்கு ஏமாத்தத் தெரியாது. ஆனா உங்களத்தான நம்பிக் கேட்டேன், பார்னி? கோயில் வாசல்ல வச்சு?"

"அம்மா, நான்..."

அவள் நிற்கவில்லை. இருவரும் வாசலைத் தாண்டி, ஆலை பக்கமாகப் போகிற தெருவில் திரும்புவது தெரிந்தது.

பார்னி பிரட்சர்டிடம் ஓடினான், சொன்னான். ஹாக்கட்டிடம் சொன்னான். வேலியோரம் போய், பெயர் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும், "நான்தான்ய்யா செஞ்சேன், அவன் யோக்கியன்ய்யா" என்று தொண்டை கிழியக் கத்தினான். அவன் கத்தக் கத்த அவர்கள் கண் கலங்கினார்கள். "பாருய்யா, அந்தத் திருடன் மிரட்டி வேலை வாங்கிருக்கான், இவன் இன்னும் அவனுக்காகப் பழி ஏத்துக்கறான்" என்றார்கள். ஒரு பெரியவர் வேலிக்கு மேலே கையை நீட்டி அவன் கோணல் விரல்களைப் பிடித்துக் குலுக்கினார்.

அம்பயர் வந்து முதுகில் தட்டினார். "போதும்ப்பா. இப்படி ஒரு கூட்டாளி எனக்கு வாய்க்கல. போ, பலகையச் சரியாப் போடு. ஆட்டம் நடக்கணும்."

பார்னி மண்வெட்டியை எடுத்து வந்து பலகையைப் பெயர்த்தான். ஹாக்கட் டேப்பைப் பிடித்துக்கொண்டார். புல்லை வெட்டி, சட்டம் சொன்ன இடத்தில் அதைப் பதித்து, மண்ணைப் போட்டு மிதித்தான். அவன் நிமிர்ந்தபோது மைதானம் முழுக்க எழுந்து நின்றது. அவனுக்காகக் கைதட்டினார்கள். அவன் கையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றான். அவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.